இஷிகுரோவின் ‘தி பரீட் ஜயன்ட்’: டிராகனை விடுங்கள், அந்த வயதான தம்பதி எங்கிருந்து வருகிறார்கள்?

சுவடிப்பெட்டி:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாவலின் கடைசிப் பக்கம் வரை பேசப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கசுவோ இஷிகுரோ ‘தி பரீட் ஜயன்ட்’ (புதைக்கப்பட்ட ராட்சதன்) என்ற இந்த நாவலை 2015இல் வெளியிட்டார். முந்தைய நாவலான ‘நெவர் லெட் மீ கோ’ வந்து பத்து வருடம் கழித்து. டிராகன், பூதம், ஆர்தர் மன்னனின் வீரன் என்று பார்த்ததும் அவருடைய பழைய வாசகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். அவரே ஒரு பேட்டியில், “இதை ஃபேண்டஸி என்று சொல்லிவிடுவார்களோ” என்கிற மாதிரி பேசிவைக்க, ஃபேண்டஸி எழுத்தாளர் அர்சுலா லெ குவினுக்குக் கோபம் வந்து ஃபேண்டஸியை இழிவுபடுத்துகிறார் என்று எழுதினார். “நான் பூதங்கள் பக்கம்தான்” என்று இஷிகுரோ பதில் சொல்லிச் சமாளித்தார். அந்தச் சண்டையிலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

என் கட்சி இது. இந்த நாவலை ஃபேண்டஸியோடு ஒப்பிட்டுப் படித்தால் ஏமாற்றம்தான். 12ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ரொமான்ஸ்களையும் 14ஆம் நூற்றாண்டு ஆங்கில ரொமான்ஸ்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். (ரொமான்ஸ் என்றால் இங்கே காதல் கதை இல்லை. வீரன் வீட்டை விட்டுக் கிளம்பி, காட்டு வழியில் சோதனைகளைச் சந்தித்துத் திரும்பும் கதை.) அப்போது டிராகன் பின்னுக்குப் போய், ஆக்ஸல், பியட்ரிஸ் என்கிற வயதான கணவன் மனைவிதான் கதையின் முதுகெலும்பு என்று தெரியும்.

கதைச் சுருக்கம் வேண்டுபவர்களுக்கு: ஆர்தர் இறந்து பல வருடம் ஆன பிரிட்டன். பிரிட்டானியர்களும் சாக்ஸன்களும் அருகருகே ஊர் அமைத்து அமைதியாக வாழ்கிறார்கள். நாடு முழுக்க ஒரு மூடுபனி, அதனால் யாருக்கும் நேற்று நடந்ததுகூட நினைவில் நிற்பதில்லை. ஆக்ஸலும் பியட்ரிஸும் எங்கோ இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். வழியில் விஸ்டன் என்ற சாக்ஸன் வீரன், எட்வின் என்ற பையன், துருப்பிடித்த கவசத்தோடு அலையும் கிழவர் சர் கவெய்ன். பனி என்பது க்வெரிக் என்ற பெண் டிராகனின் மூச்சு. ஆர்தர் சமாதான ஒப்பந்தத்தை மீறி சாக்ஸன் ஊர்களில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை மக்கள் மறக்கவேண்டும் என்று ஆர்தரின் மந்திரவாதி மெர்லின் போட்ட மந்திரம் அது. கவெய்ன் டிராகனைக் கொல்ல வந்தவர் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு அதைக் காவல் காக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருவோம். இஷிகுரோ தனக்குத் தூண்டுதலாக ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: ‘சர் கவெய்ன் அண்ட் த கிரீன் நைட்’ என்ற 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையில் வரும் ஒரு சின்னப் பகுதி. 2530 வரி உள்ள கவிதை அது. கதையின் முக்கியச் சம்பவங்கள் பெரும்பாலும் கோட்டைகளுக்குள் நடக்கின்றன. நடுவே கவெய்ன் ஒரு கோட்டையிலிருந்து இன்னொரு கோட்டைக்குப் போகும் பயணம் கொஞ்ச வரிகளில் முடிந்துவிடும். வட வேல்ஸ், ஆங்கிள்சீ தீவுகளை இடதுபக்கம் விட்டு விர்ரல் காடு. பாம்பு, ஓநாய், காட்டு மனிதர், எருது, கரடி, காட்டுப்பன்றி, உயரமான பாறைகளிலிருந்து மூச்சிரைக்க விரட்டி வரும் ராட்சதர்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சண்டைகூடப் பரவாயில்லை, குளிர்தான் கொடுமை என்கிறான் கவிஞன். இரும்புக் கவசத்தோடு, ஆலங்கட்டி மழையில், மொட்டைப் பாறைகளுக்கு நடுவே படுத்துத் தூங்குகிறான் வீரன். ராட்சதர்களுக்கு அரை வரி, குளிருக்கு ஒரு பத்தி.

இந்த விகிதம் நாவலில் அப்படியே இருக்கிறது. பூதங்கள் இருக்கின்றன என்பதை இஷிகுரோ முதல் பக்கத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார், அந்தக் கால மக்கள் அதை அன்றாடத் தொல்லைகளில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று. பிறகு அவர் கவலைப்படுவதெல்லாம் பியட்ரிஸுக்கு வலி எப்படி இருக்கிறது, இரவு எங்கே தங்குவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பற்றித்தான்.

உங்கள் கருத்து?

பாதியில்விட்டவன்:

நான் பேருக்கு ஏற்ற மாதிரி, மடாலயம் வரும் இடத்தில் மூடி வைத்தவன். எனக்குத் தாங்காதது அந்தப் பேச்சு. “இன்னும் இருக்கிறீர்களா ஆக்ஸல்?” “இருக்கிறேன், இளவரசி.” மறுபடி அதே. திரும்ப அதே. நோபல் வாங்கின ஆளுக்கு எடிட்டர் இல்லையா?

மஞ்சள் குடை:

நோபல் 2017இல்தான், புத்தகம் அதற்கு முந்தி :) 

ஆனால் எடிட்டர் வீட்டிலேயே இருந்தார். முதல் வரைவின் ஆரம்பப் பகுதியை மனைவி லோர்னாவிடம் காட்டியிருக்கிறார். இது சரிப்பட்டு வராது, யாருக்கும் காட்டக்கூடாது என்று அவர் சொல்லிவிட, தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்த்து, பிறகு அடியிலிருந்து மறுபடி எழுதினார். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இப்போது இருக்கும் மொழி அந்த இரண்டாம் முயற்சியில் வந்தது. பழைய ஆங்கிலம் பேசுகிற மாதிரி பாவனை பண்ணாமல், இன்றைய ஆங்கிலத்திலிருந்து சில சொற்களைக் கழித்துவிட்டால் கிடைக்கும் ஒரு வகை மொழி.

நூலகப் பூனை:

பாதியில்விட்டவன் எரிச்சல்பட்ட அந்த வரியைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். சுவடிப்பெட்டி கவெய்ன் கவிதையோடு நிறுத்திவிட்டார். எனக்கு அந்த வரியைப் படித்தபோது நினைவுக்கு வந்தது பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியன் த த்ருவா எழுதிய ‘எரெக்கும் எனிடும்’. 1170 வாக்கில் எழுதப்பட்டது, கிட்டத்தட்ட 7,000 வரி. ஆர்தர் ரொமான்ஸ் என்று இன்று நாம் சொல்லும் வகையில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் முழுக்கதை இதுதான்.

மற்ற ரொமான்ஸ்களில் கல்யாணம் கடைசியில் நடக்கும். இதில் கதையின் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் கல்யாணம் ஆகிவிடுகிறது. எரெக் மனைவி மேல் வைத்த ஆசையில் ஆயுதத்தைத் தொடுவதை விட்டுவிடுகிறான், கூட இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு காலையில் அவன் தூங்குகிறான் என்று நினைத்து எனிட் படுக்கையில் அழுதுகொண்டே, என்னால் உனக்கு இப்படி ஒரு பழி வந்ததே என்று புலம்புகிறாள். அவன் விழித்துக் கேட்டுவிடுகிறான். உடனே, உன்னிடம் இருக்கும் நல்ல உடையைப் போட்டுக்கொள், கிளம்பு என்கிறான். எங்கே, எதற்கு என்று சொல்வதில்லை.

இப்போது காட்டு வழியைக் கவனியுங்கள். அவள் குதிரை முன்னால் போகவேண்டும், அவன் பின்னால் வருவான். நான் பேசினாலொழிய நீ வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை. முன்னால் போகிறவளுக்குத்தான் கொள்ளைக்காரர்கள் முதலில் கண்ணில் படுகிறார்கள். முதலில் மூன்று பேர், பிறகு ஐந்து பேர். சொன்னால் கணவன் கோபிப்பான், சொல்லாவிட்டால் செத்துப்போவான். ஒவ்வொரு தடவையும் தனக்குள் வாதாடிவிட்டுச் சொல்லிவிடுகிறாள். அவனும் ஒவ்வொரு தடவையும் திட்டிவிட்டுச் சண்டை போட்டு ஜெயிக்கிறான்.

இஷிகுரோவின் முதல் அத்தியாயங்களில் சமவெளியைக் கடக்கும்போது பியட்ரிஸ் முன்னால், ஆக்ஸல் பின்னால். தீய சக்திகள் வரிசையின் கடைசி ஆளைத்தான் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை, அதனால்தான் அந்த ஏற்பாடு. அவள் திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுத்துக்கொண்டே போகிறாள்: இன்னும் இருக்கிறீர்களா? இங்கே பேச்சுக்குத் தடை இல்லை. பேச்சு நின்றால்தான் ஆபத்து. முன்னால் மனைவி, பின்னால் கணவன், நடுவில் ஒரு குரல். எண்ணூறு வருடம் கழித்து அதே அமைப்பு, விதி மட்டும் தலைகீழ்.

வடகரை:

நூலகப் பூனை மேடம், அழகாக இருக்கிறது. ஆனால் இஷிகுரோ எரெக்கைப் படித்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? அவர் வாயால் சொன்னது கவெய்ன் கவிதை ஒன்றைத்தான். அதோடு வெஸ்டர்ன் படங்கள், சாமுராய் படங்கள் பற்றிப் பேசியிருக்கிறார். காலம் போன துப்பாக்கிக்காரன் ஒருத்தன் பழைய விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிறானே, அந்த ஆள்தான் அவருடைய கவெய்ன். கடைசியில் கவெய்னும் விஸ்டனும் டிராகன் குழிக்கு மேலே நின்று மரியாதையாகப் பேசிவிட்டு, வாளை உருவி, வெகுநேரம் அசையாமல் பார்த்துக்கொண்டு, ஒரு நொடியில் முடிக்கும் சண்டை இருக்கிறதே, அது எந்த ரொமான்ஸில் வருகிறது? 15ஆம் நூற்றாண்டில் ஆர்தர் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து எழுதிய மேலரியில் சண்டை என்றால் இரண்டு மணி நேரம் பன்றிகள் மாதிரி மோதிக்கொள்வார்கள். இது சாமுராய் படத்துச் சண்டை.

இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நடப்பது எல்லாக் கதையிலும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மூலம் தேடினால் எதற்கும் மூலம் கிடைக்கும்.

சுவடிப்பெட்டி:

சண்டைக் காட்சி பற்றி வடகரை சொல்வது சரிதான், அது சினிமாவிலிருந்து வந்தது. மறுக்கவில்லை.

ஆனால் மூலம் வேறு, மரபு வேறு. எரெக் கதை வேல்ஸ் மொழியில் கெரெய்ன்ட் கதையாக ‘மபினோகியன்’ தொகுப்பில் இருக்கிறது. அங்கிருந்து ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் எடுத்து 19ஆம் நூற்றாண்டில் நீள்கவிதையாக எழுதி, இங்கிலாந்து முழுக்கப் பள்ளிக்கூடம் வரை போனது. ஐந்து வயதில் நாகசாகியிலிருந்து இங்கிலாந்து வந்து அங்கேயே படித்து வளர்ந்த ஒருவர், க்ரெத்தியனைத் தொடாமலேயே இந்த அமைப்பை உள்வாங்கியிருக்கலாம். படித்தாரா என்பது அவருடைய வாழ்க்கை வரலாறு எழுதுகிறவரின் பிரச்சினை. நமக்கு, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நாவல் கூடுதலாக எதைக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

வடகரை:

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கூடுதலாக என்ன காட்டுகிறது?

நூலகப் பூனை:

மறதி. நாவலின் அந்தப் பனியை எல்லா விமர்சகர்களும் அரசியல் உருவகமாகப் படித்தார்கள். இஷிகுரோவே முன்னாள் யூகோஸ்லாவியா, ருவாண்டா பற்றி யோசித்ததில் தொடங்கியது என்று சொல்லியிருக்கிறார். அதெல்லாம் சரி. ஆனால் மறதி என்பது ரொமான்ஸ் மரபுக்குள்ளேயே ஒரு பெரிய இயந்திரம். க்ரெத்தியனின் கதை ஒவ்வொன்றிலும் யாராவது எதையாவது மறக்கிறார்கள், அதில்தான் கதை ஓடுகிறது.

ஆர்தரின் வீரன் லான்ஸ்லாட், தான் காதலிக்கும் ஆர்தரின் மனைவி கினவீரை நினைத்துக்கொண்டே குதிரையில் போகும்போது தன் பெயரையே மறந்துவிடுகிறான். ஆற்றுத்துறையில் காவல் நிற்பவன் மூன்று தடவை எச்சரித்தும் காதில் விழவில்லை. தண்ணீரில் தள்ளிவிட்ட பிறகுதான் நினைவு வருகிறது. இன்னொரு வீரன் பெர்சவால் ஐந்து வருடம் கடவுளை மறந்து திரிகிறான்.

யிவெய்ன் என்ற வீரனின் கதைதான் நமக்கு முக்கியம். கல்யாணம் ஆன புதிதில் யிவெய்னைப் பிடித்து, மனைவியோடு உட்கார்ந்து மக்கிப்போகாதே, போட்டிகளுக்கு வா என்று ஒரு நண்பன் தூண்டுகிறான். மனைவி லாடின் ஒரு வருடம் தவணை கொடுக்கிறாள், தவறினால் காதல் வெறுப்பாக மாறிவிடும் என்று சொல்லியே அனுப்புகிறாள். நண்பனோடு ஊர் ஊராகப் போட்டிக்குப் போனதில் யிவெய்ன் தேதியை மறந்துவிடுகிறான். ஒரு நாள் சபையில் உட்கார்ந்திருக்கும்போது அவனுக்கே உறைக்கிறது, அதற்குள் லாடினின் தூதுப்பெண் வந்து எல்லார் முன்னாலும் அவனைத் துரோகி என்று சொல்லி மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு போகிறாள். பைத்தியம் பிடித்து, துணியைக் கிழித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி, பச்சை மாமிசம் தின்கிறான்.

அந்த நண்பன் யார் தெரியுமா? கவெய்ன்.

க்ரெத்தியனில் ஒரு கணவனை மனைவியை மறக்கவைத்தவன் கவெய்ன். இஷிகுரோவில் ஒரு நாட்டையே மறக்கவைக்கும் டிராகனுக்குக் காவல் இருப்பவர் கவெய்ன். ரொமான்ஸில் மறதி ஒரு தனிமனிதனின் குற்றம், அதற்கு அவனே பைத்தியம் பிடித்து அலைந்து பரிகாரம் தேடவேண்டும். இஷிகுரோ அதை ராஜாங்கக் கொள்கையாக மாற்றுகிறார். பரிகாரம் மட்டும் பழையபடி தனிமனிதர்கள் தலையில், அதாவது ஆக்ஸல், பியட்ரிஸ் தலையில் விழுகிறது. வடகரை சார் கேட்ட ‘கூடுதல்’ இதுதான்.

மஞ்சள் குடை:

யிவெய்ன் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. கவெய்ன் பாத்திரம் பற்றி எனக்கும் ஒன்று சொல்லவேண்டும். பழைய மரபில் கவெய்ன் ஆர்தருக்கு முன்பே சாகிறார். மேலரியில், லான்ஸ்லாட் கொடுத்த பழைய தலைக்காயத்தில் மறுபடி அடிபட்டு டோவரில் இறந்துபோகிறார், ஆர்தரின் கடைசிப் போர் அதற்குப் பிறகுதான். மேலரியை 1485இல் அச்சடித்த காக்ஸ்டன் முன்னுரையில், ஆர்தர் உண்மையில் இருந்தார் என்பதற்குச் சாட்சியாக, டோவர் கோட்டையில் கவெய்னின் மண்டையோட்டைப் பார்க்கலாம் என்று எழுதுகிறார்.

அந்த மண்டையோட்டை நினைத்துக்கொண்டு மடாலயத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை அத்தியாயத்தைப் படியுங்கள். காலடியில் எலும்புகள். பியட்ரிஸ் தரையில் கிடப்பது குழந்தை என்று நடுங்குகிறாள், அது வௌவால் என்று அவளைத் தேற்றுகிறார்கள். எலும்புகளைப் பற்றிக் கேட்டதும் கவெய்னுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது? பூமியே எலும்புக்கூடுகள் மேல்தான் இருக்கிறது என்கிற மாதிரி மழுப்பலாக ஒரு பிரசங்கம். தன் பங்கை மறைக்கத் தெரியாத கிழவர் அவர். எனக்கு இந்த அத்தியாயம்தான் புத்தகத்தின் உச்சம். (பாதியில்விட்டவன், நீங்கள் மூடிவைத்த இடத்துக்கு அடுத்த அத்தியாயம் இது. சும்மா சொல்கிறேன்.)

வடகரை:

அப்படியானால் நான் சொல்வதுதான் சரியாகிறது. ஆர்தருக்குப் பிறகும் உயிரோடு இருந்து அவருடைய கட்டளையைச் சுமப்பவர் மரபுப்படி கவெய்ன் இல்லை, பெடிவியர். வாளைத் தண்ணீரில் எறி என்று சாகும் தறுவாயில் ஆர்தர் சொல்ல, எறியாமல் ஒளித்துவைத்துவிட்டு எறிந்துவிட்டேன் என்று இரண்டு தடவை பொய் சொல்லி, மூன்றாவது தடவைதான் எறிகிறவர். ஆணையை நிறைவேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வேறு காரியம் பார்க்கும் நாவலின் கிழவருக்கு அவர்தான் பொருத்தம். பெயர் மட்டும் கவெய்ன். பெடிவியர் என்றால் யாருக்கும் தெரியாது, கவெய்ன் என்றால் தெரியும், அதனால் வைத்தார்.

நூலகப் பூனை:

பெடிவியரின் வேலையைக் கவெய்னுக்குக் கொடுத்திருக்கிறார் என்பது நல்ல கவனிப்பு. ஆனால் பெயருக்காக மட்டும் வைத்தார் என்பதை ஏற்கமாட்டேன். கவெய்ன் என்றாலே மரபில் நற்பண்புக்குப் பேர்போனவர். கிரீன் நைட் கவிதையில் அவர் கேடயத்தில் ஐந்துமுனை நட்சத்திரம், ஐந்து ஐந்தாக இருபத்தைந்து நற்குணங்களுக்கு அடையாளம். அப்பேர்ப்பட்டவர் கடைசியில் உயிருக்குப் பயந்து, உயிரைக் காக்கும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு பச்சைக் கச்சையை ஒளித்துவைக்கிறார். வாங்கியதையெல்லாம் மாலையில் திருப்பிக் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த வீட்டுக்காரனிடம் அதை மட்டும் சொல்வதில்லை. பாவமன்னிப்பு கேட்கும்போதும் சொன்னதாகத் தெரியவில்லை. பச்சை வீரனின் கோடரியால் கழுத்தில் பட்ட சின்ன வெட்டுக்காயத்தோடு தப்பித்துத் திரும்பி, வெட்கத்தோடு அந்தக் கச்சையை ஆயுள் முழுக்க அணிவேன் என்கிறார். சபை சிரித்துவிட்டு ஆளுக்கு ஒரு பச்சைக் கச்சை போட்டுக்கொள்கிறது.

நல்லவன், மரியாதைக்காரன், ஒரே ஒரு விஷயத்தை மறைத்தவன். மறைத்தது வெளியே வந்ததும் அதைச் சிரித்து மழுப்பும் அரசவை. இஷிகுரோவின் கவெய்ன் இவர் இல்லாமல் வேறு யார்? ஒளித்தது கச்சையிலிருந்து டிராகனாக வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சுவடிப்பெட்டி:

இதோடு மேலரியின் ஒரு சம்பவத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆர்தர் குழந்தைகளைக் கொன்றான் என்று நாவலில் வந்ததும், இது என்ன புனிதமான மன்னனை இப்படி அசிங்கப்படுத்துகிறார் என்று படித்த வாசகர்களே கேட்டார்கள். மேலரியிலேயே இருக்கிறது. மே தினத்தில் பிறந்த குழந்தையால் உன் நாடு அழியும் என்று மெர்லின் சொல்ல, அந்தத் தினத்தில் பிறந்த பிரபுக்கள் வீட்டுக் குழந்தைகளையெல்லாம் வரவழைத்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் விடுகிறான் ஆர்தர். கப்பல் உடைகிறது. குறி வைத்த மோர்ட்ரெட், ஆர்தரின் சொந்த மகன், மட்டும் கரை ஒதுங்கிப் பிழைக்கிறான். மேலரி இதைச் சில வரிகளில் சொல்லி, பலரும் மெர்லினைத்தான் குற்றம் சொன்னார்கள் என்று முடித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். அதன் பிறகு ஐநூறு வருடம் ஆர்தரைப் பொற்கால மன்னன் என்று எல்லாரும் பாடினார்கள். நாவலின் பனிக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் மரபுக்குள்ளேயே இல்லை.

தலைப்பும் அப்படித்தான். 1136 வாக்கில் மான்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிய பிரிட்டன் மன்னர் வரலாற்றில், வோர்டிகர்ன் மன்னன் கட்டும் கோபுரம் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணுக்குள் போய்விடுகிறது. அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டுங்கள், ஒரு குளம் இருக்கும், அதை வடித்தால் உள்ளே இரண்டு டிராகன்கள் தூங்கும் என்கிறான் சிறுவன் மெர்லின். சிவப்பு பிரிட்டானியர், வெள்ளை சாக்ஸன். எழுப்பியதும் சண்டை. விஸ்டன் கடைசியில், புதைத்துவைத்த ராட்சதன் அசைய ஆரம்பித்துவிட்டான் என்று ஆக்ஸலிடம் சொல்வதை இதோடு வைத்துப் படியுங்கள்.

பாதியில்விட்டவன்:

நிஜமாகவே திரும்ப எடுத்துவிட்டேன், மடாலயத்திலிருந்து ஒரே மூச்சில் முடித்தேன். சுரங்கம் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் டிராகனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எலும்பும் தோலுமாக ஒரு குழிக்குள் படுத்திருக்கிறது, சாகப் போகிற பிராணி. விஸ்டன் இறங்கிப் போய் ஒரே வெட்டு. இதற்கா இவ்வளவு நடை?

அப்புறம் கடைசி அத்தியாயம் யார் சொல்வது? திடீரென்று படகுக்காரன் ‘நான்’ என்று பேசுகிறானே.

மஞ்சள் குடை:

ஆமாம், படகுக்காரன்தான். அந்தக் கடைசி அத்தியாயத்துக்காகத்தான் நான் இந்தப் புத்தகத்தை மன்னிக்கிறேன். ஆரம்பத்தில் பாழடைந்த மாளிகையில் படகுக்காரன் விதியைச் சொல்லிவிடுகிறான்: தீவுக்குப் போகிறவர்கள் அங்கே தனித்தனியாகத்தான் அலைவார்கள். கணவன் மனைவிக்குள் அபூர்வமான அன்பு இருந்தால் மட்டும் சேர்ந்து போகலாம். அதைக் கண்டுபிடிக்க, இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, மனதுக்கு நெருக்கமான நினைவு எது என்று கேட்பான். நாடு முழுக்க மறதி. இதில் நினைவைச் சொல்லித்தான் அன்பை நிரூபிக்கவேண்டும். பியட்ரிஸுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

நூலகப் பூனை:

தம்பதியைத் தண்ணீர்க்கரையில் நிறுத்திச் சோதிப்பதும் பழையதுதான். 12ஆம் நூற்றாண்டில் பெரூல் எழுதிய டிரிஸ்டன் கதையில், டிரிஸ்டனைக் காதலிக்கும் அரசி இஸோல்டிடம் அவள் கற்பைப் பற்றிச் சத்தியம் கேட்கிறார்கள். சேறும் சகதியுமான ஒரு துறையைக் கடந்து வரவேண்டும். டிரிஸ்டன் குஷ்டரோகி வேஷத்தில் அங்கே உட்கார்ந்திருக்கிறான். எல்லார் கண் முன்னாலும் அவள் அவன் முதுகில் ஏறி, காலை இரண்டு பக்கமும் போட்டு, துறையைக் கடக்கிறாள். மறுநாள் புனிதப் பொருள்கள் மேல் கை வைத்துச் சொல்கிறாள்: என்னைச் சுமந்த அந்தக் குஷ்டரோகியையும் என் கணவரையும் தவிர எந்த ஆணும் என் தொடைகளுக்கு நடுவே வந்ததில்லை. ஒரு சொல் பொய் இல்லை. சபை ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சபைக்குச் சாட்சியாக வந்து உட்கார்ந்திருப்பது ஆர்தரும் அவனுடைய வீரர்களும், கவெய்ன் உட்பட!

இஸோல்டுக்கு நடந்தது எல்லாம் நினைவிருக்கிறது, அதனால் தப்பிக்க முடிகிறது. பியட்ரிஸுக்குத் தன் துரோகமே நினைவில் இல்லை. டிராகன் செத்துப் பனி விலகியதும்தான் ஒவ்வொன்றாக வருகிறது: ஒரு காலத்தில் அவள் கணவனுக்கு உண்மையாக இருக்கவில்லை. அந்தக் கசப்பில் மகன் வீட்டை விட்டுப் போய்க் கொள்ளைநோயில் இறந்தான். மகனின் சமாதிக்குக்கூடப் போகவிடாமல் ஆக்ஸல் அவளைத் தடுத்தான். அவன் எவ்வளவு கொடூரமாக இருந்திருக்கிறான் என்பது படகுக்காரனிடம் அவன் பேசும்போதுதான் நமக்கே தெரிகிறது. எனிடை வாய் திறக்காதே என்று விரட்டிய எரெக்தான் இளவரசி, இளவரசி என்று இவ்வளவு நேரம் கூட நடந்த இந்தக் கிழவர்.

எரெக் கதையில் சமரசம் வருகிறது. செத்துவிட்டான் என்று நினைத்து அவளை வேறொரு பிரபு பலவந்தமாகக் கல்யாணம் செய்யப் பார்க்க, எரெக் எழுந்து வந்து அவளைக் காப்பாற்றி, ஒரே குதிரையில் ஏற்றிக்கொண்டு நிலா வெளிச்சத்தில் போகும்போது, உன்னை முழுக்கச் சோதித்துப் பார்த்துவிட்டேன், நீ சொன்னதில் தவறு இருந்தால் மன்னித்துவிட்டேன் என்கிறான். யார் யாரை மன்னிப்பது என்று இன்று படிக்கும்போது ரத்தம் கொதிக்கும். கடைசியில் நான்ட் நகரத்தில் பெரிய முடிசூட்டு விழா. ஆக்ஸலுக்கும் பியட்ரிஸுக்கும் அந்த விழா இல்லை. படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்கிறான் படகுக்காரன்.

வடகரை:

இரண்டாவது தடவை திரும்பி வந்து ஆக்ஸலை ஏற்றிக்கொள்வேன் என்று படகுக்காரன் சொல்கிறானே, அதை நம்புகிறீர்களா?

மஞ்சள் குடை:

ஆக்ஸலே நம்பவில்லை. அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் கரைப் பக்கம் நடந்து போய்விடுகிறான். 

பாதியில்விட்டவனுக்கு: டிராகன் அப்படி எலும்பும் தோலுமாக இருப்பதுதான் இஷிகுரோவின் குறும்பு. நாவலின் தொடக்கத்தில் விஸ்டன் பூதத்தின் தோள்பட்டையும் கையுமாக வெட்டி ஊருக்குள் கொண்டுவரும்போது ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கில வீரகாவியம் நினைவு வரும். அதில் டிராகன் என்றால் வீரனையே கொன்றுவிட்டுச் சாகும். இதில் சாகப் போகும் கிழட்டுப் பிராணிக்கு, அதைவிடக் கிழவரான காவல்காரர். கொஞ்ச காலம் விட்டிருந்தால் தானாகவே செத்திருக்கும். அதற்காகவா ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொண்டார்கள் என்ற உங்கள் கேள்வி சரியான கேள்வி.

வடகரை:

படகுக்காரன் விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. இறந்தவர்களைக் கரை சேர்க்கும் ஓடக்காரன் கிரேக்கப் புராணத்திலேயே இருக்கிறான். பெரூல் வரைக்கும் போகவேண்டாம். பக்கத்தில் வேண்டுமானால் ஆர்தரை அவலான் தீவுக்கு ஏற்றிப் போகும் படகு இருக்கிறது, அது போதும். அதைவிட, அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படகுக்காரனே ‘நான்’ என்று சொல்வது எந்த ரொமான்ஸிலும் இல்லாத வேலை. ரொமான்ஸில் சோதிக்கிறவன் கதை சொல்லமாட்டான். அவன் மனதில் இரக்கம் இருந்ததா, விதியை மட்டும் பார்த்தானா என்று நமக்குத் தெரியாது. இங்கே அவன் தடுமாறுவதை அவன் வாயாலேயே கேட்கிறோம். நாவலின் அசல் கண்டுபிடிப்பு அது. அதற்கும் ஒரு பிரெஞ்சுப் பாட்டியைக் கண்டுபிடித்துவிடாதீர்கள், மேடம்.

நூலகப் பூனை:

இதற்குப் பாட்டி இல்லை, விட்டுவிட்டேன் :)

ஆனால் கிரேக்க ஓடக்காரன் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவான், அன்பைப் பற்றி விசாரணை நடத்தமாட்டான். அந்த விசாரணை ரொமான்ஸ்தான். விசுவாசமில்லாத மனைவி போர்த்தினால் சுருங்கிவிடும் மேலங்கி, விசுவாசமில்லாத மனைவியின் கணவன் குடித்தால் சிந்திவிடும் கொம்பு என்று அந்த மரபு முழுக்கச் சோதனைக் கருவிகள். காக்ஸ்டன் டோவர் கோட்டையில் கவெய்னின் மண்டையோட்டோடு சேர்த்து இன்னொரு பொருளையும் சாட்சியாகச் சொல்கிறார்: க்ராடக்கின் மேலங்கி. அது அந்தச் சோதனை மேலங்கியேதான்.

பாதியில்விட்டவன்:

எரெக் எந்தப் பதிப்பில் கிடைக்கும்? பிரெஞ்சு தெரியாது.

நூலகப் பூனை:

பென்குவின் கிளாசிக்ஸ் ‘ஆர்தூரியன் ரொமான்ஸஸ்’, க்ரெத்தியனின் ஐந்து கதையும் உரைநடையில் ஒரே புத்தகத்தில் இருக்கும். எரெக்தான் முதல் கதை. கிரீன் நைட்டுக்கு சைமன் ஆர்மிடேஜ் 2007இல் செய்த மொழிபெயர்ப்பு வாய்விட்டுப் படிக்க நன்றாக இருக்கும். டோல்கியன் மொழிபெயர்ப்பும் உண்டு, பழைய வாசனை வேண்டுமானால் அது. எரெக்கில் வரும் ஆடை வர்ணனைகளைத் தாண்டிக் குதித்துப் படித்தாலும் பாவமில்லை. ஆனால் முடிவுக்குச் சற்று முன்பு, காற்றால் மதில் கட்டிய ஒரு தோட்டம் வரும். காதலிக்குக் கொடுத்த வாக்கினால் வெளியே வரமுடியாமல் உள்ளேயே கிடக்கும் ஒரு வீரன், தோற்றவர்களின் தலைகள் குத்திய கழிகள், ஊதுவதற்குக் காத்திருக்கும் ஒரு கொம்பு. அந்த இடத்தை மட்டும் தாண்டாதீர்கள். அங்கே அடைபட்டுக் கிடப்பவனுக்கும் இஷிகுரோவின் கவெய்னுக்கும் உறவு உண்டா என்று வடகரை சாரோடு நான் அடுத்த சண்டை போடவேண்டும்.

வடகரை:

வாருங்கள். இந்தத் தடவை ஆதாரத்தோடு வாருங்கள்.